மார்க் 3 கோல்ஃபில் மார்க் 4 பின் பிரேக் காலிப்பரைப் பொருத்துவது எப்படி

ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் (மார்க் 2, மார்க் 3) பின் சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் கொண்ட வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு கோளாறு நன்றாகத் தெரிந்திருக்கும். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டாலும் பின் காலிப்பரில், அதாவது பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் நெருக்கும் பாகத்தில், உள்ள சிறு லீவர் பழைய இடத்துக்குத் திரும்பாது. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். சில கிலோமீட்டர் ஓடியதும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் கொதிக்கும், எரிபொருள் வீணாகும், பேட் ஒரு பக்கம் மட்டும் தேயும். 1983 முதல் 1992 வரை ஐரோப்பாவில் விற்கப்பட்ட மார்க் 2, 1991இல் வந்த மார்க் 3, அவற்றின் உறவான ஃபோக்ஸ்வேகன் கொராடோ ஆகிய எல்லாவற்றிலும் இது ஏறக்குறைய ஒரே விதமாகவே நிகழ்கிறது.

இந்தக் காலிப்பர்களின் உடல் வார்ப்பிரும்பால் ஆனது. ஹேண்ட் பிரேக் லீவரின் தண்டு காலிப்பருக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அந்தச் சீல் வயதாகித் தளர்ந்ததும் மழைநீரும், குளிர்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பும் உள்ளே புகுந்து தண்டைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துருவின் பிடியை மீறி லீவரைத் திருப்பி இழுக்கும் வலிமை பழைய ஸ்பிரிங்குக்கு இல்லை. பழையதையே பழுதுபார்த்தாலும், மறுசீரமைத்த அதே வகைக் காலிப்பரை வாங்கினாலும் சில குளிர்காலங்களில் கதை மறுபடியும் தொடங்கிவிடும்.

1997இல் வந்த மார்க் 4 கோல்ஃபில் இந்தக் குறையைக் களைய முயன்றிருப்பது காலிப்பரைப் பார்த்தாலே தெரியும். உடல் அலுமினியம் ஆயிற்று. எடை கணிசமாகக் குறைந்தது. லீவரைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் வெளிப்புறத்தில் வலுவாக அமைக்கப்பட்டது. இந்தக் காலிப்பர் மார்க் 3இன் பழைய பிராக்கெட்டிலேயே (காலிப்பரைத் தாங்கும் சட்டம்) உட்கார்ந்துவிடுகிறது என்பதால்தான் இந்த மாற்றம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவலாகச் செய்யப்படுகிறது.

ஆனால் போல்ட் பொருந்துகிறது என்பது மட்டும் ஒரு பிரேக் பாகத்தை மாற்றப் போதுமான காரணம் ஆகாது. என் உறுதியான கருத்து இதுதான்: பழுதாகும் பாகமான காலிப்பர் உடலையும், அதற்கு அவசியமான பிரேக் ஆயில் குழாயான ஹோஸையும் மட்டும் மாற்றுங்கள், பேட் டிஸ்க்கின் மீது எந்த இடத்தில் அமர வேண்டும் என்பதையும், பின் சக்கரத்துக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதையும் தீர்மானிக்கும் எல்லாவற்றையும் பழையபடியே விட்டுவிடுங்கள்.

எதை வாங்குவது, எதை விடுவது

மார்க் 4 காலிப்பர் என்று பொதுவாகச் சொன்னாலும், கோல்ஃபுடன் ஒரே அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட முதல் தலைமுறை ஆடி ஏ3, சியாட் லியோன், முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா, போரா ஆகியவற்றிலும் இதே குடும்பத்துக் காலிப்பர்கள்தான் இருக்கின்றன. இந்தியாவில் 2001 முதல் விற்கப்பட்ட ஆக்டேவியாவும் இந்த அடித்தளத்தில் உருவானதே. பழைய பாகங்கள் விற்கும் இடத்தில் தேடும்போது இந்தப் பெயர்களையும் சொல்லிக் கேட்டால் தேர்வு விரியும்.

நாம் தேடுவது சாதாரண மார்க் 4இன் 232 மி.மீ. விட்டமும் 9 மி.மீ. தடிமனும் உள்ள டிஸ்க்குக்கான காலிப்பர். அதே தலைமுறையில் ஆர்32 போன்ற வேகமான மாடல்களில் 256 மி.மீ. விட்டமும் 22 மி.மீ. தடிமனும் கொண்ட, நடுவே காற்று புகும் டிஸ்க் பின்னால் இருக்கிறது. அதற்கான காலிப்பர் அகலமானது. மார்க் 3இன் 10 மி.மீ. டிஸ்க்குக்கு அது உதவாது. விற்பவர் மார்க் 4 என்று சொன்னதை மட்டும் நம்பாமல், அது எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டது என்று கேளுங்கள்.

அடுத்து பிஸ்டனின் விட்டம். மார்க் 3இன் பின் பிஸ்டன் 38 மி.மீ. விட்டம் உடையது, வாங்குவதும் 38 மி.மீ. ஆகவே இருக்கட்டும். இதே குடும்பத்தில் 41 மி.மீ. பிஸ்டன் கொண்டவையும் கிடைக்கின்றன. மூன்று மி.மீ. வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பேடை அழுத்தும் விசை பிஸ்டனின் பரப்பளவைப் பொறுத்தது. பரப்பளவோ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்கிட்டால் 38இலிருந்து 41க்குப் போகும்போது அதே ஆயில் அழுத்தத்தில் பின் பிரேக்கின் பிடி சுமார் 16 சதவீதம் கூடுகிறது. வேகமாகப் போகும்போது பிரேக்கை அழுத்தினால் காரின் பாரம் முன்னால் சாய்ந்து பின் சக்கரங்கள் இலேசாகிவிடும். அந்த நிலையில் பின் பிடி தேவைக்கு மேல் இருந்தால், ஈரச் சாலையில் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும். முன் பிரேக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதைச் சமாளிக்கலாம், பின் பிரேக் கூடுதலாக இருப்பதைச் சமாளிக்க முடியாது. உங்கள் வண்டி மார்க் 2 என்றால், கழற்றிய பழைய பிஸ்டனை வெர்னியரால் அளந்து ஒப்பிட்ட பிறகே புதியதை வாங்குங்கள்.

மார்க் 4இன் பிராக்கெட்டும் டிஸ்க்கும் வேண்டாம். மார்க் 3இன் பின் டிஸ்க் 226 மி.மீ. விட்டம் உடையது, சக்கரத்தின் பேரிங்குகள் அந்த டிஸ்க்கின் நடுவிலேயே அமர்ந்திருக்கின்றன. மார்க் 4இல் பேரிங் தனி ஹப்பில் இருக்கிறது. டிஸ்க் அதன் மேல் சும்மா மாட்டப்படுகிறது. ஆகவே டிஸ்க்கை மாற்றுவது ஆக்சில் வரை போகும் வேறு வேலை. டிஸ்க் பழையது, பிராக்கெட் மட்டும் புதியது என்று வைத்தாலோ, 232 மி.மீ. டிஸ்க்குக்கு அளந்து செய்த அந்தப் பிராக்கெட் பேடை ஏறக்குறைய 3 மி.மீ. வெளியே நிறுத்தும். பேடின் மேல் விளிம்பு டிஸ்க்கைத் தொடாமல் தொங்கும். நாளடைவில் அந்த விளிம்பில் தேயாத உதடு ஒன்று உருவாகும். பழைய பிராக்கெட்டை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. பின் பேடும் இரண்டு தலைமுறைகளுக்கும் ஒரே வடிவம்தான்.

கட்டாயம் மாறுவது ஹோஸ். பழைய காலிப்பரில் பிரேக் லைன் நேராக மரையில் திருகப்படும். மார்க் 4இல் வளைய முனை கொண்ட ஹோஸ், துளையுள்ள பான்ஜோ போல்ட்டால் பொருத்தப்படுகிறது. எனவே மார்க் 4இன் குட்டைப் பின் ஹோஸ் இரண்டு, பான்ஜோ போல்ட் இரண்டு, புதிய காப்பர் வாஷர் நான்கு தேவை. ஹோஸ் புதியதாகவே இருக்கட்டும். வாஷரையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. இவற்றோடு, காலிப்பர் வழுக்கி நகரும் கைடு பின்களுக்கான புதிய போல்ட் நான்கும், ஒரு லிட்டர் புதிய டாட் 4 பிரேக் ஆயிலும் வாங்கி வையுங்கள்.

வண்டியைத் தொடுவதற்கு முன்

ஏற்கெனவே பயன்படுத்திய மார்க் 4 காலிப்பரை வாங்கியிருந்தால் அதை மேசையில் வைத்தே சோதித்துவிடலாம். லீவரைக் கையால் முழுதாக இழுத்து விடுங்கள்; அது தயக்கமில்லாமல் துள்ளித் தன் நிறுத்தத்தில் போய் முட்ட வேண்டும். மெதுவாக நகர்ந்து, கடைசிச் சிறு தொலைவைக் கையால் தள்ள வேண்டியிருந்தால் அதை வாங்கியதில் பயனில்லை, ஏனெனில் எந்தக் குறைக்காக மாற்றுகிறோமோ அதே குறை அதிலும் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றிய ரப்பரில் கிழிசல் இருக்கக் கூடாது. ஆயில் நுழையும் மரையில் நெருடல் இருக்கக் கூடாது. அலுமினிய மரை ஒருமுறை கெட்டால் காலிப்பரையே கழிக்க வேண்டியதுதான்.

இடது, வலது என்று பிரித்து வைப்பதும் இப்போதே செய்ய வேண்டிய வேலை. காலிப்பரைப் பிராக்கெட்டின் மேல் வைத்துப் பார்த்தால், காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேற்பக்கம் வர வேண்டும். பக்கம் மாறிப் பொருத்தினால் நிப்பிள் கீழே போய், காற்று மேலே சிக்கிக்கொள்ளும். பிறகு எத்தனை லிட்டர் ஆயிலை ஊற்றினாலும் பெடல் பஞ்சு போலவே இருக்கும்.

ஆக்சிலில் வரும் இரும்புப் பிரேக் பைப்பின் நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள். இந்த மாற்றத்தில் வேலையை நிறுத்திவிடக்கூடிய இடம் பெரும்பாலும் அந்த நட்டுதான். திறந்த ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலைகள் வழுக்கிவிடும். பைப் நட்டுக்கென்று உள்ள, சுற்றிப் பிடிக்கும் 11 மி.மீ. ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். நட்டுடன் சேர்ந்து பைப்பும் முறுக ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு, அந்தத் துண்டுப் பைப்பையும் மாற்றத் திட்டமிடுங்கள். துருவேறி முறுகிய பைப் நேராகிவிட்டது போலத் தெரிந்தாலும் அதை நம்பிச் சாலையில் இறங்கக் கூடாது.

கழற்றுதல்

சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்புறத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்க வேண்டும். உள்ளே ஹேண்ட் பிரேக் லீவருக்கு அடியில் இரண்டு கேபிள்களுக்கும் தனித்தனி நட்டு இருக்கும். இரண்டையும் கேபிள் நன்றாகத் தொய்யும் வரை தளர்த்துங்கள். இந்தச் சிறிய வேலையை மறக்காதீர்கள். இதன் அவசியம் கடைசியில்தான் புரியும்.

பிரேக் லைனைத் திறப்பதற்கு முன் பிரேக் பெடலைச் சில அங்குலம் அழுத்தி, ஒரு கட்டையை சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே கொடுத்து அந்த நிலையிலேயே நிறுத்திவையுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் இறங்கும் துளை இதனால் அடைபடும். திறந்த பைப்பிலிருந்து பிரேக் ஆயில் டப்பா முழுதும் வடிந்துவிடாது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் டப்பா காலியாகி ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் காற்று புகுந்தால் அதை வீட்டில் வெளியேற்றுவது கடினம். வடியும் ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இனி கேபிளை லீவரிலிருந்து விடுவித்து, கைடு பின்னை 15 மி.மீ. மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு 13 மி.மீ. போல்ட்டைக் கழற்றினால் காலிப்பர் வந்துவிடும். பிரேக் லைனை விடுவித்ததும் திறந்த முனைகளை ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். பிராக்கெட்டைக் கழற்றவே வேண்டியதில்லை. அதன் கைடு பின்கள் இரண்டும் விரலால் தள்ளினால் வழுக்கிப் போய் வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள். இறுகியிருந்தால் வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கப்படும் சிலிகான் கிரீஸ் பூசி, ரப்பர் உறையையும் மாற்றிப் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். சுத்தம் செய்யப் பிராக்கெட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், திரும்ப முடுக்கும்போது அதன் 8 மி.மீ. ஆலன் போல்ட்டுகளுக்கு 65 நியூட்டன் மீட்டர் அளவு.

பொருத்துதல்

புதிய பேடை வைப்பதற்கு இடம் வேண்டுமானால் பிஸ்டன் உள்ளே போக வேண்டும். முன் காலிப்பர் போல இதைக் கிளாம்ப் வைத்து நெரித்தால் உள்ளே இருக்கும் தானாகச் சரிசெய்யும் திருகு உடைந்துபோகும். பிஸ்டனை அழுத்தியபடியே கடிகாரத் திசையில் திருக வேண்டும். இதற்கென்று உள்ள கருவியின் விலை அதிகமில்லை. அது இல்லாமல் தொடங்க வேண்டாம். ரப்பர் உறை பிஸ்டனோடு சேர்ந்து முறுகினால் சிறிது சிலிகான் கிரீஸ் தடவி, உறையைக் கையால் பிரித்துவிட்டுத் தொடருங்கள். தேவைக்கு மேல் உள்ளே திருகாதீர்கள். பேடுகள் டிஸ்க்கின் இருபுறமும் சிரமமின்றி அமரும் அளவுக்கு இடம் இருந்தால் போதும்.

பேடை வைத்து, காலிப்பரை அதன் மேல் இறக்கி, புதிய போல்ட்டுகளை 35 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள். இவை தானாகப் பூட்டிக்கொள்ளும் பசை தடவிய போல்ட்டுகள். பழையதைத் திரும்பப் போட்டால் அந்தப் பூட்டு இருக்காது. காலிப்பரைக் கையால் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். பின்களின் மேல் சில மி.மீ. வழுக்க வேண்டும், எங்கும் பிராக்கெட்டில் இடிக்கக் கூடாது.

ஹோஸின் வளைய முனைக்கு இருபுறமும் ஒவ்வொரு காப்பர் வாஷர் வைத்து, பான்ஜோ போல்ட்டை முதல் சில சுற்று விரலாலேயே திருகுங்கள். இங்கே அலுமினிய மரைக்குள் இரும்பு போல்ட் நுழைகிறது. கோணலாக நுழைந்தால் ஸ்பேனருக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பிறகு முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் 35 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள். மறுமுனையை ஆக்சிலில் உள்ள பைப்போடு இணைத்து, அங்குள்ள தகட்டில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். காலிப்பரும் அந்தத் தகடும் ஒரே ஆக்சிலில் சேர்ந்தே ஏறி இறங்குவதால் ஹோஸ் சஸ்பென்ஷனின் அசைவைத் தாங்க வேண்டியதில்லை. ஆனாலும் அது முறுகாமலும், டிஸ்க்கையோ சக்கரத்தின் உட்புறத்தையோ தொடாமலும் இருக்கிறதா என்பதைச் சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

ஹேண்ட் பிரேக் கேபிளின் வெளி உறை காலிப்பரின் பிடிமானத்தில் முழுதாக அமர்ந்து, கிளிப் பூட்ட வேண்டும். உள் கம்பியின் முனை லீவரின் கொக்கியில் தளர்ச்சியின்றி உட்கார வேண்டும். உங்கள் கேபிள் அப்படி அமரவில்லை என்றால் கம்பி கட்டியோ வாஷர் செருகியோ ஒப்பேற்றாமல், பொருந்தும் கேபிளாக மாற்றுங்கள். சரிவில் நிறுத்தப்பட்ட வண்டியைத் தாங்கி நிற்பது அந்த ஒரு முனைதான்.

காற்றை எடுத்தல்

பெடலுக்குக் கொடுத்த கட்டையை எடுத்துவிட்டு, டப்பாவை நிரப்பி, வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்ற வரிசையில் காற்றை எடுங்கள். இங்கே மார்க் 2, மார்க் 3 வண்டிகளுக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. பின் ஆக்சிலுக்கு அருகே, பாரத்துக்கு ஏற்றபடி பின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று ஸ்பிரிங் மூலம் ஆக்சிலோடு இணைக்கப்பட்டிருக்கும். வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது பின்னால் பாரமே இல்லை என்று நினைத்து அந்த வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். நிப்பிளில் ஆயில் சொட்டுச் சொட்டாகவே வரும். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருந்தால், ஒருவர் பெடலை அழுத்தும்போது இன்னொருவர் அதன் லீவரை ஆக்சிலை நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கின் அமைப்பை மட்டும் மாற்றிவிடாதீர்கள். 38 மி.மீ. பிஸ்டனையே வைத்துக்கொண்டதன் பலன், அந்த வால்வின் அளவு இனியும் சரியாக இருக்கும் என்பதுதான்.

காலிப்பர் காலியாக இருந்து நிரம்புவதால் நிறையக் காற்று வரும். குமிழி நின்ற பிறகும் காலிப்பரை ரப்பர் சுத்தியலால் இலேசாகத் தட்டி இன்னொரு முறை எடுங்கள். சுவரில் ஒட்டிய குமிழிகள் அப்போது வெளிவரும்.

ஹேண்ட் பிரேக்கைக் கடைசியாகவே சரிசெய்ய வேண்டும்

இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் பெடல் ஆழமாகப் போகிறது என்று முறையிடும்போது, காரணம் பெரும்பாலும் காற்று அல்ல, கேபிள்தான். பிஸ்டனுக்குள் இருக்கும் திருகு, பேட் தேயத் தேயத் தானாக நீண்டு இடைவெளியை நிரப்பும். லீவர் தன் நிறுத்தத்தில் முழுதாக முட்டி நிற்கும்போதுதான் அது ஒழுங்காக வேலை செய்யும். முதலில் கேபிளை இறுக்கிவிட்டால் லீவர் பாதியில் நிற்கும். திருகு தன் இடத்தைக் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு அழுத்தத்திலும் பிஸ்டன் அநாவசிய தூரம் ஓட வேண்டியிருக்கும். அந்தத் தூரமே காலுக்கடியில் ஆழமான பெடலாகத் தெரியும். இதை உணராமல் திரும்பத் திரும்ப காற்றை எடுத்து, ஆயிலையும் பொழுதையும் வீணாக்குபவர்கள் பலர்.

எனவே கேபிள் தொய்வாக இருக்கும்போதே, எஞ்சினை ஓடவிட்டுப் பெடலைப் பலமுறை உறுதியாக அழுத்துங்கள். பெடல் மேலே நின்று கெட்டிப்பட்ட பிறகு, ஹேண்ட் பிரேக் இறங்கிய நிலையில், ஒவ்வொரு நட்டையும் அந்தந்தப் பக்கத்து லீவர் நிறுத்தத்தை விட்டு மெல்ல அசையத் தொடங்கும் வரை முடுக்குங்கள். லீவருக்கும் நிறுத்தத்துக்கும் இடையே 1 மி.மீ.க்கு மேல் தெரியக் கூடாது. ஹேண்ட் பிரேக்கைச் சில முறை இழுத்து இறக்கி, இரண்டு சக்கரங்களும் கையால் சுற்றும்போது தாராளமாகச் சுழல்கின்றனவா என்று பார்த்து, வேண்டுமானால் மீண்டும் சரிசெய்யுங்கள்.

சாலையில் இறங்கும் முன்னும் பின்னும்

ஒருவர் பெடலை முழு பலத்தோடு அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் பான்ஜோ, பைப் நட்டு, நிப்பிள் ஆகிய ஆறு இடங்களையும் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும். சக்கர போல்ட்டுகளுக்கு 110 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டம் ஆளில்லாத சாலையில், குறைந்த வேகத்தில் இருக்கட்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இயல்பாக ஓட்டிவிட்டு நிறுத்தி, இரு பின் டிஸ்க்குகளின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒப்பிடுங்கள்; ஒன்று மட்டும் வெகுவாகச் சூடேறியிருந்தால் அந்தப் பக்கத்துக் கேபிளிலோ கைடு பின்னிலோ ஏதோ பிடிக்கிறது.

முடிந்தால் உருளைகளின் மேல் சக்கரத்தை வைத்துப் பிரேக்கை அளக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். இந்த வயதுக் கார்களுக்கு பிரிட்டனின் ஆண்டுப் பரிசோதனை, கால் பிரேக்குக்கு 50 சதவீதத் திறனையும் ஹேண்ட் பிரேக்குக்கு 16 சதவீதத் திறனையும் கேட்கிறது. ஒரே ஆக்சிலின் இரு பக்கங்களுக்கும் இடையே வேறுபாடு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஜெர்மனியிலோ பிரேக்கில் செய்த மாற்றத்தைப் பரிசோதகரிடம் காட்டி ஒப்புதல் பெறாவிட்டால் வண்டியின் ஓட்டுரிமையே செல்லாமல் போகலாம். ஆகவே அங்கிருப்பவர்கள் பாகம் வாங்குவதற்கு முன்பே பரிசோதகரைக் கேட்டுவிட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு சக்கரங்களைக் கழற்றி, பான்ஜோவைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்றும், ஹேண்ட் பிரேக்கை இறக்கும்போது இரு லீவர்களும் நிறுத்தத்துக்குத் திரும்புகின்றனவா என்றும் கண்ணால் பாருங்கள். புதிய பேட் படியும்போது கேபிளின் அளவு சற்று மாறியிருக்கும். அப்போது நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிசெய்தால் வேலை முடிந்தது.